ஏழு நொடி வாய்ப்பூட்டு

ஒளிபரப்புத் தொழிற்கண்காட்சியில் கடை போடுவதால் ஆறு நன்மைகள் உண்டு என்று ஏற்பாட்டாளர்கள் அனுப்பிய வழவழப்பான புத்தகத்தில் போட்டிருந்தது. புது வாடிக்கையாளர் வருவார், பழையவர் மறக்கமாட்டார், போட்டிக்காரன் என்ன செய்கிறான் என்று ஒளிந்து பார்க்காமல் நேராகவே பார்க்கலாம் என்று வரிசையாகப் போய், ஆறாவதாக மதியச் சாப்பாட்டுக் கூப்பனில் முடிந்தது. கோவில்பட்டி தெய்வசிகாமணி அதை இரண்டு தடவை படித்தார். ஆறும் நல்ல நன்மைகள்தான். ஆனால் அவர் சென்னைக்குப் பெட்டி கட்டியது ஏழாவது நன்மை ஒன்றுக்காக. அது புத்தகத்தில் இல்லை. கூடவே வந்த அரங்க வரைபடத்தில் இருந்தது.

எஃப்-17 அவருடைய கடை. அதற்கு நேர் எதிரே எஃப்-22. நடுவே பத்தடி நடைபாதை. எஃப்-22 ஆவுடையப்பனுடையது.

சிகாமணியும் ஆவுடையும் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. சும்மா பேசாமல் இருப்பது வேறு. இவர்கள் அதை ஒரு தொழில் போலச் சுத்தமாகச் செய்தார்கள். ஒருமுறை சலூனுக்குள் சிகாமணி நுழைந்ததைக் கண்ணாடியில் பார்த்த ஆவுடை, பாதி மீசையோடு எழுந்து போய் மீதியை மறுநாள் மதுரையில் எடுத்துக்கொண்டார் என்பது கோவில்பட்டியில் எல்லாரும் ஒப்புக்கொண்ட சங்கதி. ஊரில் தெரு இருக்கிறது, சந்து இருக்கிறது, ஒதுங்கிவிடலாம். கண்காட்சியில் கடை போட்டவன் எங்கே ஒதுங்குவான்? காலை பத்து முதல் மாலை ஆறு வரை, மூன்று நாள், சிரித்த முகத்தோடு அதே இடத்தில் நின்றாக வேண்டும். சண்டைக்காரர்களை எதிரெதிரே நிற்க வைக்க மனித குலம் இதைவிடச் சிறந்த ஏற்பாடு எதையும் செய்ததில்லை என்பது சிகாமணியின் அபிப்பிராயம்.

அதிலும் இது கடைசி வாய்ப்பு. கண்காட்சி முடிந்த மறுவாரம் ஆவுடை தன் கேபிள் கம்பெனியை மருமகனிடம் கொடுத்துவிட்டு, ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடப் போகிறார். போகிற டிக்கெட் மட்டும்தான் எடுத்திருக்கிறார் என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரே சிகாமணியிடம் சொல்லிவிட்டார். சிகாமணிக்கு வயது அறுபத்து மூன்று. ஆவுடைக்கு ஒரு வயது அதிகம்.

பேச்சு நின்றது இப்படித்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஊரில் ஒரு கேபிள் சேனல் நடத்தினார்கள். ஆவுடை ஆரம்பத்தில் கம்பம் ஏறி வயர் கட்ட வந்தவர், பிறகு பங்காளி ஆனவர். ஒரு பங்குனித் தேரோட்டத்தை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தபோது, மேடையில் மாலை போட்டுக்கொண்டிருந்த பெரிய மனிதர்களை விட்டுவிட்டு, வடம் பிடிக்கிற பெண்கள் பக்கம் ஆவுடை கேமராவைத் திருப்பினார். சிகாமணிக்குக் கோபம் வந்தது. "கம்பம் ஏற வந்தவனுக்குக் கேமரா கேக்குதோ?" என்றார். மைக் திறந்திருந்தது. நாலாயிரம் வீடுகள் கேட்டன. ஆவுடை கேமராவை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் முழுக்க நாலாயிரம் வீடுகளும் தேரை விட்டுவிட்டு யாரோ ஒருவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அதற்கு அப்புறம்தான் சிகாமணி 'வாய்ப்பூட்டு' என்ற பெட்டியைச் செய்தார். நேரடி நிகழ்ச்சியில் பேசுகிற எதையும் அது ஏழு நொடி பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குள் பொத்தானை அமுக்கினால் அந்தப் பேச்சை விழுங்கிவிடும், ஒளிபரப்பில் போகாது. தெற்கே சின்னச் சேனல்கள் பலவும் இந்தப் பெட்டியை வாங்கின. நல்ல பெட்டிதான். தேவைப்பட்ட நாளுக்கு நாலு மாதம் கழித்து வந்தது, அவ்வளவுதான் குறை.

இந்தக் கண்காட்சி நடந்தது 2033-ஆம் வருஷம்.

முதல் நாள் காலை கடை திறந்ததுமே ஒரு சிக்கல். பக்கத்துக் கடை எஃப்-18 ஒரு வெளிநாட்டு ஸ்பீக்கர் கம்பெனி. அவர்கள் போட்ட சத்தத்தில் சிகாமணியின் டீயில் படிந்திருந்த ஆடை தானாகச் சுருண்டு டம்ளரின் ஓரத்துக்குப் போய் ஒதுங்கி நின்றது. வந்தவர்கள் வாயைப் பார்த்தார்கள், காதைத் தடவினார்கள், சிரித்துவிட்டுப் போனார்கள். எதிரே ஆவுடை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகை மட்டும் காட்சிக்கு வைத்திருந்தார்.

சிகாமணியின் கம்பெனியில் மூளை என்று ஒன்று உண்டென்றால் அது ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி, நாற்பது வயது, இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினால் மூன்றாவது வார்த்தை திட்டாக இருக்கும்.

"இப்படியே நின்னா மூணு நாளும் ஊமைக் கூத்துதான் அண்ணாச்சி. நவுருங்க" என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் நுழைந்தாள். பத்து மணிக்கு நுழைந்தவள் பதினொன்றரைக்கு வெளியே வந்தாள். கடையின் நடுவே தரையில் மஞ்சள் நாடாவால் ஒரு சதுரம் ஒட்டினாள். நாலு மூலையிலும் சோப்பு டப்பா அளவில் நாலு ஸ்பீக்கர் வைத்தாள்.

"சத்தம்கிறது ஒரு அலை. அது மேல ஏறும்போது நாம கீழ இறங்குற அலை ஒண்ணை விட்டா, ரெண்டும் முட்டிச் செத்துப் போகும். இந்தக் கட்டத்துக்குள்ள எஃப்-18 வராது. உள்ள போய்ப் பாருங்க."

சிகாமணி உள்ளே போய் நின்றார். சத்தம் செத்துவிட்டது. மகிழ்ந்துபோய், "ஏம்மா, சாதிச்சிட்டியே!" என்றார். அவர் குரல் வரவில்லை. உதடு அசைந்தது, மண்டைக்குள் லேசாக முனகியது, காதில் ஒன்றும் விழவில்லை. பக்கவாதம் என்று முடிவு செய்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியைத் தேடினார். அப்போது நாலு மூலை ஸ்பீக்கரிலிருந்தும் அவருடைய குரலே, "ஏம்மா, சாதிச்சிட்டியே!" என்றது.

ஜெசிந்தா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வயரை நம்ம வாய்ப்பூட்டு வழியா இழுத்துட்டேன். உள்ள நிக்கிற ஆளோட பேச்சையும் அது சாகடிச்சு, ஏழு நொடி கழிச்சு வெளிய விடுது."

"அப்ப நடுவுல பொத்தானை அமுக்குனா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயை விட்டு வந்த சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது என்று ஆதி முதல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதை எஃப்-17இல், பதினொன்று முப்பத்தைந்துக்கு, ஒரு தவறான வயர் முடித்து வைத்தது.

முதலில் மாட்டியது சேலத்துத் தம்பதி. மாதேஸ்வரனும் செல்வநாயகியும் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறவர்கள். முகூர்த்தத்தை நேரடியாக இணையத்தில் காட்டும்போது சம்பந்திச் சண்டையும் சேர்ந்து போய்விடுகிறது, அதற்கு ஏதாவது பெட்டி உண்டா என்று கேட்டு வந்தார்கள். ஜெசிந்தா இருவரையும் மஞ்சள் கட்டத்துக்குள் நிறுத்தி, பொத்தானைக் கைக்கெட்டும்படி வைத்தாள். மாதேஸ்வரன் பெண்டாட்டியைப் பார்த்து என்னவோ சொன்னார். கொஞ்சம் யோசித்தார். பொத்தானை அமுக்கினார். மேசை மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

விளக்கு இந்தத் தொழிலின் பழக்கம். எங்கே எதை வெட்டினாலும் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அப்போதுதான் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்குத் தெரியும். வேறு தொழில்காரர்கள் இந்தப் பெட்டியைச் செய்திருந்தால் விளக்கு வைத்திருக்கவே மாட்டார்கள். புருஷன் பெண்டாட்டி பேச்சில் கட்டுப்பாட்டு அறை எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

"இப்ப என்னமோ முழுங்குனீங்களே, அது என்னங்க?" என்றாள் செல்வநாயகி. ஏழு நொடி கழித்து அது கேட்டது.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா லைட் எரிஞ்சுது?"

"சும்மா டெஸ்ட்டுக்கு."

"பதினெட்டு வருசத்துல எனக்குத் தெரியாம எத்தனை லைட்டுங்க எரிஞ்சுது?"

அரை மணி நேரத்தில் எஃப்-17 முன்னால் வரிசை நின்றது. அன்று சாயந்திரத்துக்குள் அது கேண்டீன் வரைக்கும் நீண்டு, கேண்டீன்காரர் அதைத் தன் வரிசை என்று நினைத்து இருநூறு பேருக்குக் கூடுதலாகப் பொங்கல் கிண்டிவிட்டார். தயாரிப்பாளர்கள் வந்தார்கள், ஒலிப்பதிவுக்காரர்கள் வந்தார்கள், இருபது வருஷமாக மற்றவர் எழுதியதையே வாசித்த செய்தி வாசிப்பாளர் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் எல்லாரிடமும் சொல்லிப் பார்க்க ஒன்று இருந்தது.

நல்லதும் நடந்தது. ஒரு நிர்வாகத் தயாரிப்பாளர் தன் படத்தொகுப்பாளரைக் கட்டத்துக்குள் நிறுத்தி, "போன வருஷம் அந்தத் தொடர் ஓடினது உன்னாலதான்" என்றார். விளக்கு எரியவில்லை, ஏழு நொடி கழித்து அது முழுசாக வந்து விழுந்தது. படத்தொகுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சார், பொத்தான் கையிலேயே இருந்துச்சு. அமுக்கல நீங்க. அப்ப நெசமாத்தான் சொல்றீங்க."

கெட்டதும் நடந்தது. இரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் பேசிக்கொள்ளவில்லை. பேசினவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டார்கள்: உள்ளே என்ன முழுங்கின? திட்டியிருந்தால் அடித்துப் பிடித்து முடித்திருக்கலாம். விளக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவரவர் பயத்துக்கு ஏற்ற வசனத்தை அவரவரே எழுதிக்கொண்டார்கள். செல்வநாயகி தன்னந்தனியாக நாலு தடவை வந்து அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அண்ணாச்சி, நாம நல்லது செய்யுதோமா கெட்டது செய்யுதோமா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"தெரியலம்மா. எதிர்க்கடையைப் பாத்தியா?"

எதிர்க்கடையில் நாற்காலி முக்கால்வாசி இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

அன்று மாலை நாலேகாலுக்கு, வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல், ஆவுடையப்பன் பத்தடியைக் கடந்து வந்தார். ஆவுடை அவரைப் பார்க்கவில்லை. மஞ்சள் கட்டத்துக்குள் போனார். சிகாமணிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றார். தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. கை பொத்தான் பக்கம் போனது. சிவப்பு விளக்கு எரிந்தது. அதே மாதிரி முகம் காட்டாமல் திரும்பிப் போய்விட்டார்.

அன்று ராத்திரி லாட்ஜில் சிகாமணி, ஆவுடை விழுங்கியது என்னவாக இருக்கும் என்று நாற்பத்தேழு வசனம் எழுதினார். நாற்பத்தாறு வசவு. ஒன்று, "போயிட்டு வாரேன்."

மூன்றாம் நாள் காலையில் ஹர்ஷவர்தன் வந்தார். ஒரு பெரிய தொலைக்காட்சியின் நிகழ்ச்சித் தலைவர். அவர் நடந்து வந்தால் கூடவே நாலு பேர் நடப்பார்கள், அவர் நின்றால் நாலு பேரும் போனைப் பார்ப்பார்கள். முதல் நாளே வரிசையில் நின்று கட்டத்துக்குள்ளும் போய்விட்டு வந்தவர்தான்.

"சார், ஒரே ஒரு டவுட். வெட்டினது எங்க போகுது?" என்றார்.

"எங்க போகும்? வெட்டினா வெட்டினதுதான்" என்றார் சிகாமணி.

"டிலே மெஷின் செய்யறவங்க நீங்க. வெட்டினதை மூணு மாசம் வெச்சுக்கணும், நாளைக்கு யாராவது ஏன் வெட்டினேன்னு கேட்டா எடுத்துக் காட்டணும். அப்படித்தானே எல்லா மெஷினும் வரும்? இதுல மட்டும் அந்த கார்டு இல்லையா?"

சிகாமணி ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா சிகாமணியைப் பார்த்தாள். அந்தப் பதிவு அட்டை, பெட்டியை வடிவமைத்தபோது பழக்க தோஷத்தில் வைத்தது. சோறு வடிக்கிறவள் உலை வைப்பது போல யோசிக்காமல் வைத்தது. மஞ்சள் கட்டம் போட்டபோதும் அதைக் கழற்றவில்லை. அதாவது, மூன்று நாளாக ஊரே திருப்பி எடுத்துக்கொண்டதாக நினைத்த பேச்சு மொத்தமும் மேசைக்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. ஜெசிந்தா திரையில் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு.

"பேரு போட மாட்டோம். முகம் தெரியாது. வெறும் குரல் மட்டும்" என்றார் ஹர்ஷவர்தன். "தினம் ஒன்பது மணிக்கு. நாடே உக்காந்து கேக்கும் சார். உங்க பெட்டி ஒவ்வொரு டிவி ஸ்டேஷனுக்கும், அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் போகும். மூணு மணிக்கு ஒப்பந்தத்தோட வரேன்."

புத்தகத்தில் போட்டிருந்த முதல் ஐந்து நன்மையும் ஒரே ஆளாக, நாலு பேர் புடைசூழ வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போயின.

"நெசமாவே பதிவாகி இருக்கான்னு பாத்துருவோம்" என்று ஜெசிந்தா காதில் மாட்டிக்கொள்ளும் கருவியில் ஒன்றைச் சிகாமணியிடம் கொடுத்தாள். முதல் பதிவு மாதேஸ்வரனுடையது. பெண்டாட்டி முன்னால் ஒரு மனுஷன் விழுங்கினது என்னவாக இருக்கும் என்று சிகாமணி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நாயகி, நீ எடுக்கிற போட்டோவுலதான் நம்ம கடைக்கே பேரு. நான் சும்மா மொதலாளின்னு உக்காந்திருக்கேன்" என்றது மாதேஸ்வரனின் குரல்.

அடுத்தது யாரோ ஒரு மேலதிகாரி. "உன்ன மதுரைக்கு மாத்தினது உன் தப்பு இல்ல. நீ இங்க இருந்தா என் நாற்காலி போயிடும்னு பயம்." மூன்றாவது அந்தச் செய்தி வாசிப்பாளரின் மகள். "அப்பா, ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் நீங்க என் அப்பான்னு சொல்லிக் காட்டத்தான் நான் தினம் செய்தி பாத்தேன்."

அவ்வளவுதான். மூன்றிலும் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. கெட்ட வார்த்தையை ஜனங்கள் வெளியிலேயே, மெஷின் இல்லாமலேயே, தாராளமாகப் பேசிக்கொள்கிறார்கள். இது எல்லாம் அதைவிட ஆபத்தான சமாச்சாரம்.

ஜெசிந்தா கருவியைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். அவள் மூக்கு சிவந்திருந்தது. "போதும் அண்ணாச்சி. இதுக்கு மேல கேட்டா நாம திருடங்க."

"அவரு நாட்டுக்கே போடப் போறாராம்."

"போட்டா நல்லதுன்னுகூடத் தோணுது. அந்தச் சேலத்து அம்மா நாலு தடவை வந்து பெட்டியைப் பாத்துட்டுப் போச்சு. அது கேட்டா எவ்வளவு சந்தோசப்படும்."

"அவன் சொல்லிக் கேட்டாச் சந்தோசப்படும். டிவி சொல்லிக் கேட்டா, ஊரே கேட்டுச்சேன்னு கூசிப் போகும்." சிகாமணிக்கு அந்தக் கூச்சம் எத்தனை வீட்டு அகலம் இருக்கும் என்று தெரியும். "அதை அழிச்சிரு."

"அழிக்க இதுல வழியே கிடையாது. அழிக்கக் கூடாதுன்னுதானே செஞ்சிருக்கோம். கார்டை உடைக்கணும்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அண்ணாச்சி. முந்நூத்து ஆறாவது நேத்து நாலு பதினஞ்சுக்குப் பதிவானது. அதை மட்டும் கேட்டுட்டு..."

சிகாமணி எதிரே பார்த்தார். ஆவுடை மருமகனுக்குச் சாவிக்கொத்தில் எது எந்தப் பூட்டுக்கு என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் இந்நேரம் அந்த மனிதர் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம். அவர் பதினோரு வருஷத்துக்கு அப்புறம் சொன்ன ஒரே ஒரு பேச்சு, நகக்கண் அளவு அட்டையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியப் போவதில்லை. ஜெசிந்தா வெளியே சொல்லமாட்டாள். அவள் பேசுகிற இரண்டு வார்த்தையில் இதற்கு இடம் இருக்காது.

அவர் காதுக் கருவியைக் கையில் எடுத்தார். காது வரைக்கும் கொண்டுபோனார்.

"அவன் பொத்தானை அமுக்குனான்லா" என்றார். "நான் அன்னைக்கு அமுக்க நெனச்சாலும் பொத்தான் கிடையாது. இவன் அமுக்கியிருக்கான். அமுக்குனவனை மதிக்கணும்." கருவியைக் கீழே வைத்தார். "மத்தவங்களுத நான் கேக்கக் கூடாதுன்னா அவனுதயும் கேக்கக் கூடாது. உடை."

ஜெசிந்தா கட்டிங் பிளேயரை எடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பேச்சும் நாலு துண்டாகிக் குப்பைக் கூடைக்குப் போயின. அட்டை போனதும் பெட்டி நின்றது. எதிரலை நின்றது. எஃப்-18இன் சத்தம் அணை உடைந்தது போல உள்ளே வந்து, மேசை மேல் இருந்த விசிட்டிங் கார்டுகளை ஒவ்வொன்றாக நடக்க வைத்துக் கீழே தள்ளியது.

மூன்று மணிக்கு ஹர்ஷவர்தன் ஒப்பந்தத்தோடு வந்தார். சிகாமணி விஷயத்தைக் கத்திச் சொன்னார். ஹர்ஷவர்தன் குப்பைக் கூடையை எட்டிப் பார்த்தார். "எல்லாமேவா? முதல் நாள் மூணு மணி வாக்கில பதிவானதுமா?"

"எல்லாமும்தான். ஏன், அது யாரு?"

ஹர்ஷவர்தன் தன்னோடு வந்த நாலு பேரையும் போன் பார்க்கச் சொல்லிவிட்டு, சிகாமணியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு பெரிய நிகழ்ச்சி கைவிட்டுப் போனவர் அவ்வளவு லேசாக நடந்து போனதை அந்த அரங்கில் யாரும் பார்த்திருக்க முடியாது. போகிற வழியில் யாருக்கோ போன் செய்தார். "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று அவர் ஆரம்பித்தது மட்டும் சிகாமணிக்குக் கேட்டது.

இனி பத்தடிதான் பாக்கி.

சிகாமணி நடந்தார். பத்தடிக்கு அவர் எடுத்த அடி முப்பத்திரண்டு என்று ஜெசிந்தா பிற்பாடு சொன்னாள். ஆவுடையின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். ஆவுடை சாவிக்கொத்தைக் கீழே வைத்தார். திரும்பிக்கொள்ள நாற்காலியைப் பிடித்தார், மருமகன் அதில் கேபிள் சுருளை அடுக்கியிருந்தான், திரும்பவில்லை.

"என்னவே?" என்றார். பதினோரு வருஷத்தில் முதல் சொல் அது.

"நேத்து நாலேகாலுக்கு வந்தியே. என்ன சொன்ன?"

"உம்ம பெட்டிக்குள்ள இருக்கும்லா. நானும் இந்தத் தொழில்லயே கெடந்த ஆளுதான், எனக்குத் தெரியாதா? கேட்டிருப்பீரே."

"கேக்கல. உடைச்சாச்சு."

"கேக்காமயா?"

"கேக்காமத்தான். அதான் நேர்ல கேக்க வந்திருக்கேன். நீயே சொல்லு. திட்டுனாலும் சரி."

ஆவுடை அவரை ரொம்ப நேரம் பார்த்தார். ஏழு நொடிக்கு மேலேயே இருக்கும்.

"ஒண்ணும் சொல்லல" என்றார்.

"வெளக்கு எரிஞ்சுதே!"

"பொத்தானை அமுக்குனா எரியாம என்ன செய்யும்? சொல்லணும்னுதான் வந்தேன். ரெண்டு நாளா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டுத்தான் வந்தேன். உள்ள போய் நின்னா வாய் வரல. வரிசைல அத்தன பேரு பாக்கான். வந்ததுக்கு எதையாவது செய்யணுமேன்னு அமுக்கிட்டு வந்துட்டேன். வெறும் காத்துதான் இருந்திருக்கும் அதுல."

சிகாமணிக்கு முதுகில் குளிர் ஓடியது. கேட்டிருந்தால்? ஏழு நொடி வெறும் காற்றைக் கேட்டிருப்பார். இவனுக்கு நம்மிடம் சொல்ல ஒன்றுமே இல்லை என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார். அந்த நினைப்பு குளிராக வந்து, பாதி வழியில் கோபமாக மாறிவிட்டது.

"ஏலே பாவி! ராத்திரி பூரா கண்ணு மூடல நான்! நாப்பத்தேழு வசனம்லே! ஒண்ணும் சொல்லாத பய எதுக்குலே பொத்தானை அமுக்குன?"

"நான் அமுக்குனதுக்கு நீரு ஏன்வே வசனம் எழுதுதீரு? கம்பம் ஏற வந்தவன் பொத்தான் அமுக்கப்பிடாதோ?"

"நீ ஏறலன்னா எவம்லே நம்ம சேனலப் பாத்திருப்பான்? நீதாம்லே சேனலு! அன்னைக்கு வடம் பிடிச்ச பொம்பளையளக் காட்டுனியே, அதுதாம்லே படம்! மாலை போட்டவன் மூஞ்சி ஒருத்தனுக்கும் ஞாபகமில்ல!"

"இப்ப சொல்லுதீரு! அன்னைக்கு எங்க போச்சு வாய்?"

"வாய் இருந்துச்சு, புத்திதாம்லே இல்ல!"

எஃப்-18இன் சத்தத்தை மீறி இரண்டு பேரும் கத்தியதில் எஃப்-18காரர்களே சத்தத்தைக் குறைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். கையை வீசிக் கத்துகிற இரண்டு கிழவர்களைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. அந்தக் கத்தலுக்கு நடுவில் எங்கேயோ, "மன்னிச்சுக்கிடு" என்று ஒன்றும் சிகாமணி வாயிலிருந்து விழுந்தது. எந்த இடத்தில் விழுந்தது என்று அவருக்கே தெரியாது. ஆவுடைக்குத் தெரியும். அதற்கு அப்புறம் அவர் கத்தியதில் வேகம் இருந்தது, காரம் இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏற்பாட்டாளர்களின் பெண் ஒருத்தி வந்தாள். கையில் படிவம். இந்தத் தொழிலில் இது ஒரு நல்ல வழக்கம்: கடைசி நாள் சாயந்திரம், கடையைப் பிரிக்கும் முன்பே, அடுத்த வருஷத்துக்கு இடம் கேட்டு எழுதிக்கொள்வார்கள். சிரித்தபடி சிகாமணியிடம் நீட்டினாள். அவர் பேனாவை வாங்கி, பேரை எழுதினார். கடை எண் என்ற இடத்தில் நின்றுவிட்டார். எதிரே ஆள் இல்லாத கடைக்கு எந்த எண்ணைப் போடுவது?

"சார், உங்களுக்கு?" என்று அவள் இன்னொரு படிவத்தை நீட்டி ஆவுடையைக் கேட்டாள்.

"மாமா ஊர்ல இருக்க மாட்டாங்க. என் பேர்ல போடுங்க" என்று மருமகன் அதை வாங்கிக்கொண்டான்.

ஆவுடை அவன் கையிலிருந்து படிவத்தை வாங்கினார். கண்ணாடியைத் தேடினார். சிகாமணி தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் அந்தக் காலத்திலிருந்தே ஒரே பவர்தான்.

"அடுத்த வருசம் என்னைக்கும்மா?" என்றார் ஆவுடை.

அவள் தேதியைச் சொன்னாள்.

"மாப்ள, அதுக்கு மொத வாரமா பாத்து எனக்குத் திரும்பி வார டிக்கெட்டு ஒண்ணு போட்டுரும்."

"சார், இப்பவே புக் பண்ணினா ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கடையே தரலாம். நடுவுல தடுப்பு இல்லாம பெரிய கடையா வெச்சுக்கலாம்" என்றாள் அந்தப் பெண், நல்லெண்ணத்தில்.

ஆவுடை நிமிர்ந்து சிகாமணியைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, எஃப்-22 என்றே எழுதினார்.

"பக்கத்துக் கடை வேண்டாம்மா" என்றார். "எதிர்க்கடைதான் வேணும். பக்கத்துல நின்னா இவரு மூஞ்சி எனக்குத் தெரியாது."